மயிரிழை தள்ளி ஒரு புள்ளி

மெல்லிய தகட்டில் வட்டமாக ஓர் ஓட்டை போடுவது, பார்க்கிறவர்கள் நினைக்கிற மாதிரி லேசுப்பட்ட வேலை இல்லை, டாக்டர். தடித்த இரும்பு என்றால் கவலையே இல்லை. டிரில்லை வைத்து அழுத்தினால் சமர்த்தாக வழிவிடும். மெல்லிய தகடு அப்படியல்ல. முக்கால்வாசி போகும்வரை சும்மா இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் டிரில்லின் முனையைக் கவ்விக்கொண்டு கரகரவென்று சுற்றும். பிடித்திருக்கிற கையைப் பதம் பார்க்கும். ஓட்டை விழுந்தாலும் வட்டமாக விழாது. கோபித்துக்கொண்ட குழந்தையின் வாய் மாதிரி கோணிக்கொண்டு விழும். அதற்குத்தான் அடியில் ஒரு பிளைவுட் துண்டு வைத்து, ஓரங்களை அசையாமல் இறுக்கி, முதலில் ஊசி மாதிரி ஒரு சின்னத் துளை, பிறகு அதையே கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டும். இதெல்லாம் என் வீட்டுக்காரி சொல்லிக்கொடுத்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதில் ஒரு கால்வாசிதான்.

உங்கள் மேஜைமேல் இருக்கிற அந்த அலுமினியத் தகடு அவளுடையது. என் மச்சினன் கொண்டுவந்து கொடுத்திருப்பான். பூதக்கண்ணாடியையும் சேர்த்தே வைத்துவிட்டுப் போயிருக்கிறான், பாருங்கள். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. கேளுங்கள், சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நான் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். கடைகளில் இருக்கிற தராசு, எடைக்கல், அளவுகோல் எல்லாவற்றையும் சோதித்து, சரியாக இருந்தால் சின்ன இரும்பு முனையை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி அரசாங்க முத்திரை குத்துகிற வேலை. எடைக்கல்லின் அடியில் சுரண்டி வைத்திருப்பவனைக் கல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நான் தெருவில் இறங்கினால் தராசுகளெல்லாம் தானாக நிமிர்ந்து நிற்கும் என்று ஆபீஸில் கேலி பேசுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

அந்த வேலையில் வீட்டில் தங்கியது குறைவு. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. சுற்றுப்பயணத்தில் அறை அறையாகப் படுத்து எழுந்தபோதெல்லாம் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்வேன். ஓய்வுபெற்ற பிறகு முன்னறையில் ஜன்னல் ஓரமாக இரண்டு நாற்காலி போட வேண்டும். ஒன்றில் நான், ஒன்றில் அவள். பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பேசுவது என்று யோசித்து வைக்கவில்லை. அதை அவள் பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன்.

வந்து பார்த்தால் அவளுக்கு நேரமில்லை.

வீட்டில் ஒரு பழைய பாட்டுப்பெட்டி இருந்தது. நான் ஏதோ ஊரில் இருந்தபோது அது ஊமையாகிவிட்டது. பழுது பார்க்கிறவன் வந்து பார்த்து, இதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். அவள் தூக்கிப் போடவில்லை, திறந்து பார்த்திருக்கிறாள். அன்றைக்குத் திறந்ததுதான், அதன்பிறகு எதையும் மூடவில்லை. பின்னறையில் துணி வைக்கிற மேஜையில் துணி போய் கம்பிகள் வந்தன. ஈயம் உருக்குகிற கோல் வந்தது. ஒலிபெருக்கி ஒன்றைத் தானே செய்யப் போவதாக என்னிடம் சொன்னாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், ஆனால் கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கவில்லை.

உள்ளே இருக்கிற மின்சார வேலையைவிட வெளியே இருக்கிற பெட்டிதான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. முன்பக்கத் தகட்டில் வரிசையாக ஓட்டைகள் வேண்டும். திருகுகிற குமிழ்களின் தண்டுகள் உள்ளேயிருக்கும் பலகையில் அசையாமல் நிற்கும். தகட்டின் ஓட்டைகள் தேடிப் போய் அவற்றுக்கு நேராக உட்கார வேண்டும். ஓர் ஓட்டை கொஞ்சம் விலகினாலும் தண்டு உரசும், குமிழ் கோணிக்கொண்டு நிற்கும். அதனால் அவள் முதலில் வீட்டு டப்பாக்களில் பழகினாள். ஓய்வுபெற்று வந்த புதிதில் நான் சர்க்கரை டப்பாவைத் தூக்கினால் அடியில் ஒழுகும். பிஸ்கட் டப்பாவின் மூடியைப் பார்த்தால் யாரோ துப்பாக்கியால் சுட்டுப் பழகிய மாதிரி இருக்கும். டிரில்லுக்கு ஊற்றுகிற எண்ணெயைத் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்ப் புட்டியில் ஊற்றி வைத்திருந்தாள். ஒருநாள் முழுக்க மோட்டார் பட்டறை வாசனையோடு நான் நடமாடினேன். என் தலையணை உறையைத் தகட்டுக்கு அடியில் விரித்ததில், அலுமினியத் தூள் என் முடியில் ஒட்டிக்கொண்டு பளபளத்தது.

"என்னங்க, உங்களுக்கு நரை அழகா இருக்கு" என்றாள். பிறகு கிட்டே வந்து பார்த்துவிட்டு, "அய்யய்யோ, அது என்னோடது" என்று சீப்பை எடுத்து வந்தாள்.

அவளுக்கு இன்ஜினியரம்மா என்று பேர் வைத்தேன். முன்னறையிலிருந்து, "இன்ஜினியரம்மா, கொஞ்சம் இங்க வர்றீங்களா?" என்று கூப்பிடுவேன். "சும்மா இருங்க, பிசிறு எடுத்துட்டிருக்கேன்" என்று பதில் வரும். ஓட்டையின் ஓரத்தில் சுருள் சுருளாக நிற்கிற கூரான தூளை அரத்தால் தேய்த்து எடுப்பதுதான் பிசிறு எடுப்பது. ஓர் ஓட்டைக்கு எவ்வளவு பிசிறு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எனக்குத் தெரிந்து ஒரு மத்தியானம் முழுக்க இருக்கும். ஜன்னல் ஓரத்தில் இரண்டாவது நாற்காலியில் நான் செய்தித்தாளை வைக்க ஆரம்பித்தேன்.

கடைசியில் பெட்டி முடிந்தது. குமிழ்கள் பட்டாளம் மாதிரி ஒரே கோட்டில் நின்றன. சுற்றுப்பயணத்தில் எத்தனையோ பட்டறை வேலையைச் சோதித்துப் பார்த்தவன் நான், இதில் குறை சொல்ல எனக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மச்சினன் வந்தது அப்போதுதான். அவளுடைய தம்பி. வேறு ஊரில் பாட்டுக் கருவிகள் செய்து விற்கிற பட்டறை வைத்திருக்கிறான். பெட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். குமிழ்மேல் விரலை வைத்து மெதுவாகத் திருப்பினான். அவன் முகம் மாறியது.

"அக்கா, இதை நீயா பண்ண?"

"பின்ன, உங்க மாமாவா பண்ணாரு? அவருக்கு ஆணி அடிக்கவே ஆள் வேணும்."

"எங்கிட்ட இருக்கிற பசங்க மெஷின்ல வெட்டுனாகூட இந்த மாதிரி வராது. நீ வந்துடு. வாரத்துல அஞ்சு நாள் எங்க வீட்ல தங்கு. முன்பக்கத் தகடு எல்லாம் உன் பொறுப்பு. லீவு நாள்ல இங்க வா." என்னைப் பார்த்து, "என்ன மாமா, அக்காவ அனுப்புவீங்கல்ல?" என்றான்.

அவளும் என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்பாளே, அதே பார்வை. "போயிட்டு வரவா?"

"தாராளமாப் போம்மா. இதுல என்ன கேள்வி?" என்றேன்.

இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், டாக்டர். நான் தடுக்கவில்லை. ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. என்னைப் போலச் சம்மதம் கொடுக்கிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்?

அவன் ஒன்றே ஒன்று கேட்டான். தன் பட்டறையின் புது மாடலுக்கு மாதிரியாக ஒரு முன்பக்கத் தகடு செய்துகொண்டு வரச்சொல்லி, தண்டுகள் பொருத்திய பலகையையும் கொடுத்துவிட்டுப் போனான். அவள் தகட்டின்மேல் காகிதம் ஒட்டி, அதில் கோடு கிழித்து, ஓட்டைகளின் நடுவைக் குறித்து, ஒவ்வொரு நடுவிலும் கூர்முனை உள்ள சின்ன இரும்புக் கோலை வைத்துத் தட்டிப் புள்ளி போட்டாள். அந்தக் கோலுக்குப் பஞ்ச் என்று பேர். டிரில் முனை வழுக்கி ஓடாமல் அந்தப் புள்ளிக்குள் உட்காரும். புள்ளி எங்கேயோ, ஓட்டை அங்கே. காகிதத்தை உரித்துவிட்டு, குளித்துவிட்டு வந்து துளைக்கிறேன் என்று போனாள்.

நான் பின்னறைக்குள் சும்மாதான் போனேன். மேஜைமேல் பஞ்ச் கிடந்தது, பக்கத்தில் சுத்தி. என் கை, வேலையில் இருந்த காலமெல்லாம் இதே மாதிரி ஒரு முனையைப் பிடித்த கை. எடுத்துப் பார்த்தேன். ஒரு புள்ளியில் வைத்தேன், கொஞ்சம் ஆழமாக்கிக் கொடுத்தால் அவளுக்கு உதவியாக இருக்கும் என்று. லேசாகச் சாய்ந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு தட்டு. புள்ளி மயிரிழை நகர்ந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. அந்த முதல் தடவை சத்தியமாகக் கைப்பிசகு.

மத்தியானம் பின்னறையிலிருந்து டிரில் சத்தம் வந்தது, நின்றது. பிறகு எந்தச் சத்தமும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். தகட்டைப் பலகையோடு பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தண்டு மட்டும் ஓட்டையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அவள் தகட்டைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை தப்பிடுச்சுங்க" என்றாள்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் மேஜை விளக்கை அணைத்துவிட்டு, "இன்னிக்குப் போதும்" என்று எனக்கு முன்னால் நடந்து போய், முன்னறையில் அந்த நாற்காலியில் இருந்த செய்தித்தாளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். என்னோடு பேசினாள். எதிர்வீட்டு ஜன்னல் திரையின் நிறத்தைப் பற்றி, எங்கள் பழைய வாடகை வீட்டைப் பற்றி, நான் ஒரு தடவை தப்பான ரயிலில் ஏறிப் போனதைப் பற்றி. சிரித்தோம். நான் நினைத்து வைத்திருந்த மத்தியானம் கடைசியில் வந்துவிட்டது. அந்த நேரத்தில் போய், அம்மா, அது நான் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

அடுத்த தகட்டுக்கு அவள் இன்னும் கவனமாகப் புள்ளி போட்டாள். குளிக்கப் போனாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பஞ்ச்சைச் சாய்த்துப் புள்ளியின் ஓரத்தில் வைத்தேன். இந்தத் தடவை கைப்பிசகு என்று சொல்லமாட்டேன். பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கெடுதல் என்று பார்த்தால் எவ்வளவு? ஒரு தலைமுடி அளவு, சில நேரம் இரண்டு. என் வேலையில் அதற்குக் கீழே போகிற பிழையை நாங்களே மன்னித்துவிடுவோம். அதற்கு என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் ஒன்றும் தகட்டை உடைக்கவில்லை, கருவிகளை ஒளித்து வைக்கவில்லை, கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படிச் செய்கிற ஆண்களையும் பார்த்திருக்கிறேன். மட்டமான பயல்கள்.

மூன்றாவது தகடு, அதற்கடுத்தது. ஒரு புள்ளியில் ஆரம்பித்தது, போகப்போக எல்லாப் புள்ளிக்கும் வந்துவிட்டது. மச்சினன் போனில் கேட்டுக்கொண்டே இருந்தான். "ஆச்சுப்பா, ஆச்சுப்பா" என்பாள். முதல் பெட்டியை ஒரு துணியால் மூடி வைத்துவிட்டாள். அதன் குமிழ்கள் அவளை முறைத்துப் பார்க்கின்றனவாம். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, மெதுவாகவே சொல்கிறேன்.

இந்த மேஜைமேல் இருப்பது கடைசித் தகடு. இதில் பாதிப் புள்ளிகள் துளைக்காமலே நிற்கின்றன, பார்த்தீர்களா. அன்றைக்கு அவள் குளித்துவிட்டு வந்து முழுத் தகட்டையும் துளைக்கவில்லை. பாதியைத் துளைத்ததும் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். ஓய்வுபெற்று வந்ததிலிருந்து அவள் என்னைப் பின்னறைக்குள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க அளந்து பாருங்க. உங்க கண்ணு ஆபீஸ் கண்ணு. எனக்கு என் கண்ணு மேலயும் நம்பிக்கை போச்சு, கை மேலயும் போச்சு."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, முறைப்படி அளந்தேன். புள்ளிகளெல்லாம் இடது பக்கம் விலகித்தான் இருந்தன. "லேசா இடது பக்கமா போன மாதிரி இருக்கும்மா" என்றேன். அன்றைக்கு நான் சொன்னது அப்பட்டமான உண்மை. அதையும் கவனிக்க வேண்டும்.

அவள் பஞ்ச்சை மேஜைமேல் வைத்தாள். போட்டாள் என்று சொல்லமுடியாது, தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வைத்தாள். "அப்பாவுக்கு இப்படித்தானே ஆரம்பிச்சுது" என்றாள்.

என் மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் கை நடுக்கம். சாப்பாட்டை வாய்க்குக் கொண்டு போவதற்குள் பாதி மடியில் விழுந்துவிடும். அவள்தான் ஊட்டிவிட்டாள். அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை, டாக்டர். எடுத்தவள் அவள். நான், "சேச்சே, அதெல்லாம் இருக்காது" என்றுதான் சொன்னேன். உடனே சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சொன்னேன். அந்தக் கொஞ்சத்தில் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பஞ்ச்சைத் தொட வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை. அவளும் தொடவில்லை. ஆனால் ஒரு வேலையைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை நான். விட்டால் ஒரு வாரத்தில் அவளுக்குத் தெளிந்துவிடும்; மறுபடி அந்த மேஜைக்குப் போய்விடுவாள், அங்கிருந்து அந்த ஊருக்கு. அதனால் தேநீரை நான் போட ஆரம்பித்தேன். எனக்கு முக்கால் டம்ளர். அவளுக்கு விளிம்புவரை. விளிம்புவரை ஊற்றிய டம்ளரை யார் தூக்கினாலும் சிந்தும். நீங்கள் தூக்கினாலும் சிந்தும். அவள் சிந்தியதும் நான் துணியோடு தயாராக நிற்பேன். "விடும்மா, நான் தொடைக்கிறேன்" என்பேன். திட்டியதே கிடையாது. கேட்டுப் பாருங்கள்.

தையல் ஊசி வாங்கிவரச் சொன்னாள், காது சின்னதாக இருக்கிற ஊசியாகப் பார்த்து வாங்கினேன். நூல் கோக்க முடியாமல் திணறினாள், கோத்துக் கொடுத்தேன். அவள் எழுதுகிற மேஜையின் ஒரு காலுக்கு அடியில் அட்டை ஒன்று மடித்து வைத்திருந்தது, அதை எடுத்துவிட்டேன். கையெழுத்து கோணியது. இனிமேல் எழுதவேண்டியதை நானே எழுதுகிறேன் என்றேன். காய் நறுக்கும்போது பக்கத்தில் போய் நின்று, "பாத்து, பாத்து" என்பேன். அக்கறையில்தான். ஒருநாள் விரலை வெட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து கத்தியையும் நானே எடுத்துக்கொண்டேன்.

வீட்டு வேலை இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது, டாக்டர். இடுப்பு ஒடிந்துபோகிறது. ஆனால் ஒருநாளும் நான் முணுமுணுத்ததில்லை.

கடைசியில் அவள் கையைக் காட்ட இங்கே கூட்டிவந்தேன். உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த டாக்டர் தங்கமான மனிதர். அவர் அவளிடம் அதிகம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். அவளுக்குப் பேசும்போது தடுமாற்றம் வந்துவிடும், அதனால் நானே சொன்னேன். தேநீர் சிந்துவதைச் சொன்னேன், கையெழுத்தைச் சொன்னேன், விரலை வெட்டிக்கொண்டதைச் சொன்னேன். மாமனாரைப் பற்றியும் அவர் கேட்டதால் சொன்னேன். நான் சொன்னதில் நடக்காதது ஒன்றுகூட இல்லை. கேட்டுவிட்டு அவர் நடுக்கத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். போதவில்லை என்று சொன்னேன், கூட்டினார். அதைப் போட்டால் அவளுக்கு மத்தியானமெல்லாம் கண் சொக்கும். அந்த நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிவிடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பேன்.

முன்பு மாதிரி பேசுவதில்லைதான். எதிர்வீட்டு ஜன்னல் திரையை மாற்றிவிட்டார்கள், அதை அவள் கவனிக்கவே இல்லை. எதைக் கேட்டாலும், "நீங்க சொல்றது சரிதான்" என்கிறாள். மச்சினனின் போனை எடுப்பதில்லை. என்னைப் பேசச் சொல்லிவிடுகிறாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். ஒருநாள் அவளுக்குத் தலைவாரிப் பின்னிக்கொண்டிருந்தேன். பின்னல் எனக்கு நன்றாகவே வந்துவிட்டது. அப்போது திரும்பாமலே சொன்னாள்.

"நீங்க மட்டும் இல்லன்னா நான் என்னங்க ஆவேன்?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. எப்படிச் சொல்வாள்? நான் ஊரில் இல்லாத நாளெல்லாம் அவள் பாட்டுக்கு எல்லாவற்றையும் சமாளித்திருக்கிறாள். பின்னிய சடையை அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து மறுபடி பின்னினேன்.

இதில் மச்சினன் எப்படி நுழைந்தான் என்றால், அவளே அவனுக்குச் சொல்லியனுப்பினாள். பின்னறையில் இருக்கிற சாமானையெல்லாம் வந்து எடுத்துக்கொண்டு போ, எனக்கு இனிமேல் பிரயோஜனம் இல்லை என்று. வந்தான். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனுக்கு எப்போதுமே அழுகை சுலபமாக வரும். பிறகு கருவிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் எடுத்து வைத்தான், வீணான தகடுகளையும் சேர்த்துத்தான். அலுமினியம் என்றால் அந்தத் தொழில்காரர்கள் ஒரு துண்டையும் விடமாட்டார்கள். கடைசித் தகடு கையில் வந்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தான். பூதக்கண்ணாடியை எடுத்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"மாமா, நடுங்குற கைன்னா புள்ளி நாலா பக்கமும் போகணும்ல? ஒண்ணு மேல போகும், ஒண்ணு கீழ போகும். இது எல்லாமே இடது பக்கம் போயிருக்கு. அதுவும் ஒரே அளவு."

"அப்படியா? காட்டு" என்றேன்.

"ஒவ்வொரு புள்ளிக்குள்ளயும் இன்னொரு புள்ளி இருக்கு, மாமா."

அவன் சொன்னது சரிதான். அந்தத் தகட்டை மறுபடி பார்த்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எல்லாம் ஒரே சாய்வு, ஒரே ஆழம், ஒரே தூரம். அவ்வளவு வருஷம் முத்திரை குத்திய கைக்குக் கோணல்மாணலாக அடிக்கத் தெரியவில்லை. கொஞ்சம் அசிங்கமாகச் செய்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வேலைச் சுத்தம் ஆளைக் கெடுக்கிறது, பாருங்கள்.

அவன் அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. என்னிடமும் அதற்குமேல் பேசவில்லை. தகட்டை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறான். நீங்களும் போன தடவை அவளை உள்ளே கூப்பிட்டு, என்னை வெளியே உட்காரச் சொன்னீர்கள். நடுக்கம் இருக்கிறதா என்று பார்க்க அவளை வரையச் சொன்ன காகிதத்தைப் பிறகு காட்டினீர்கள். சுருள் வட்டம், உள்ளேயிருந்து வெளியே, ஒரு பிசகு இல்லை. கவராயம் வைத்த மாதிரி இருந்தது. என்னை அறியாமல், "பலே" என்று சொல்லிவிட்டேன். அவள் கைவேலை அப்படித்தான், டாக்டர். அதை முதலில் கண்டுபிடித்தவன் நான்.

பிறகு என்னை அவள் பக்கத்தில் உட்காரவைத்து, மறுபடி வரையச் சொன்னீர்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. "பாத்து வரைம்மா" என்று மட்டும்தான் சொன்னேன். பென்சில் முனை காகிதத்தில் தடதடவென்று ஆடியது. நீங்கள் பென்சிலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். அப்போதே உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். அந்நியர்கள் முன்னால் அவள் கஷ்டப்பட்டுத் தாங்கிக்கொள்கிறாள். நான் பக்கத்தில் இருந்தால்தான் பயமில்லாமல் நடுங்குகிறாள். சொந்த மனுஷன் என்றால் அதுதானே.

ஆமாம். எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். முதல் புள்ளியைத் தவிர மற்ற எல்லாப் புள்ளியும், தேநீரும், ஊசியும், மேஜைக்காலும், மாத்திரையும். தெரிந்து செய்தேன், நிதானமாகச் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். மச்சினனுக்கு என்மேல் கோபம் இருக்கும். நியாயம்தான், அவனுக்கு ஒரு நல்ல ஆள் போய்விட்டது. போலீஸ், கோர்ட் என்று போனாலும் நான் மறுத்துப் பேசப்போவதில்லை. அவளை அவன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தாலும் போகட்டும். அன்றைக்கே சம்மதம் சொன்னவன்தான் நான்.

இந்தக் கண்ணாடிக் கதவு வழியாக அவள் தெரிகிறாள், பாருங்கள். தம்பி ஏதோ சொல்கிறான், தலையாட்டிக்கொண்டே இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அப்படித்தான் வைத்துக்கொள்வாள். இப்போது அவளை உள்ளே கூப்பிடப் போகிறீர்கள் என்று தெரிகிறது. ஒரே ஒரு வேண்டுகோள்தான். என்மேல் இருக்கிற வருத்தத்தில் அந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், டாக்டர். திடீரென்று நிறுத்தினால், பாவம், தன் கைக்கு ஒன்றுமே இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டுவிடுவாள்.